டிரவுட் மீனின் பெரும்பொழுதும் சிறுபொழுதும்

இலக்கிய வாசகர்களாகிய நம்மிடம் ஒரு பழக்கம் வேரூன்றிப் போயிருக்கிறது. படைப்பில் ஆறு வந்தால் அது காலம். மலை வந்தால் மோனம். மீன் வந்தால் ஆன்மா, அல்லது கைக்கு அகப்படாத உண்மை. பொருளைக் கண்ட மறுகணமே குறியீட்டுக்குத் தாவிவிடுகிறோம். தாவிய வேகத்தில் ஆற்றில் நீர் எவ்வளவு ஓடியது, மீன் எந்த இனம், அது எதைத் தின்றது என்ற கேள்விகள் கீழே விழுந்துவிடுகின்றன. இந்தப் பழக்கத்துக்கு அதிகம் பலியான நூல்களில் ஒன்று நார்மன் மக்லீன் எழுதிய 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' என்னும் குறுநாவல். அதை முன்வைத்துச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம். சொல்லப்போவது குறுநாவலைப் பற்றி மட்டுமன்று, அதில் ஓடும் ஆற்றைப் பற்றியும்தான். இரண்டாவதே நமக்கு இப்போது அவசரமாகப் படுகிறது.

மக்லீன் (1902–1990) சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். பணி ஓய்வுக்குப் பிறகு, எழுபது வயதைக் கடந்த நிலையில், தம் முதல் புனைகதை நூலை எழுதினார். நியூயார்க் பதிப்பகம் ஒன்று, கதைகளில் மரங்கள் இருக்கின்றன என்று குறைசொல்லித் திருப்பியனுப்பியதாக அவரே முன்னுரையில் நொந்துகொள்கிறார். கடைசியில் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 1976இல் அதை வெளியிட்டது. அந்தப் பதிப்பகம் அதுவரை புனைகதையே வெளியிட்டதில்லை. மறு ஆண்டு புலிட்சர் பரிசுக்கு நடுவர்கள் அந்நூலைப் பரிந்துரைத்தும், மேற்குழு அவ்வாண்டு புனைகதைக்குப் பரிசே இல்லை என்று அறிவித்துவிட்டது. மரம் இருப்பதைக் குறையாகக் கண்ட பதிப்பாளரும் பரிசை நிறுத்திய குழுவினரும் இன்று எவர் நினைவிலும் இல்லை. நூல் இருக்கிறது.

கதை எளியது. மொன்டானா மாநிலத்தின் மிஸூலா நகரில் பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர் ஒருவர். அவருக்கு இரண்டு மகன்கள். மூவரையும் இணைப்பது பிளாக்ஃபுட் ஆறும் அதில் டிரவுட் மீன் பிடிப்பதும். இளையவன் பால் அந்தக் கலையில் ஒப்பற்றவன், வாழ்க்கையில் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாதவன். அவன் அடித்துக் கொல்லப்படுகிறான். மக்லீனின் உண்மைத் தம்பி 1938இல் சிகாகோவில் அப்படித்தான் இறந்தார். நேசிப்பவர்களுக்கு உதவ இயலாமற்போகும் துயரமே கதையின் உரிப்பொருள் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஆனால் முதுகலை வகுப்பில் திணைக் கோட்பாட்டை ஆண்டுதோறும் நடத்தி வருகிற நமக்கு, முதலும் கருவும் இன்றி உரி மட்டும் தனியே நிற்காது என்பதும் தெரியும். நிலமும் பொழுதும் முதற்பொருள். மீனும் பூச்சியும் மரமும் கருப்பொருள். உள்ளுறை உவமம் கருப்பொருளின் மீதுதான் கட்டப்படுகிறது. கருப்பொருளைத் தவறாகச் சொன்ன புலவனின் உள்ளுறை சரிந்துவிடும். மக்லீன் தம் கருப்பொருளை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் சொன்னவர். அதனால்தான் அவர் துயரத்தை நாம் நம்புகிறோம்.

கலையின் பெயரிலேயே நமக்குச் சிக்கல் தொடங்கிவிடுகிறது. ஃப்ளை ஃபிஷிங் என்பதை 'ஈ மீன்பிடிப்பு' என்று யாரோ எங்கோ பெயர்த்திருந்ததைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அங்கே ஈ கிடையாது. முள்ளின்மேல் இறகு, முயல் மயிர், பட்டு நூல் ஆகியவற்றைச் சுற்றி நீர்ப்பூச்சிபோல் தோன்றச் செய்யும் போலி இரைதான் உண்டு. அந்தப் போலிக்கு எடையே இல்லாததால் அதைத் தனியே வீச முடியாது. எனவே கனமான கயிற்றையே காற்றில் முன்னும் பின்னும் சுழற்றி நீட்டி, அதன் நுனியில் கட்டிய மெல்லிழை வழியாகப் பூச்சியை நீர்மேல் இறக்குகிறார்கள். இறங்கிய பின் அது ஓட்டத்தோடு இயல்பாக மிதக்க வேண்டும். கயிறு சற்றே இழுத்தாலும் மீன் விலகிவிடும். மாசிடோனியர் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் சுற்றி மீன் பிடித்ததை ஏலியன் என்ற உரோமானிய எழுத்தாளர் ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே குறித்திருக்கிறார். ஆக, பழங்கலைதான். நாம் இதைப் 'பூச்சித் தூண்டில்' என்றே இக்கட்டுரையில் குறிப்போம். மேலான சொல் கிடைத்தால் நண்பர்கள் சொல்லட்டும்.

இக்கலை வீச்சில் இருக்கிறது என்று திரைப்படம் பார்த்தவர்கள் நினைப்பார்கள். பொழுதறிவில் இருக்கிறது என்பதே உண்மை. எந்த வாரத்தில், எந்த நேரத்தில், எந்தப் பூச்சி, எந்தப் பருவ நிலையில் நீரில் இருக்கிறது என்று அறியாதவன் எவ்வளவு அழகாக வீசினாலும் வெறுங்கையோடுதான் திரும்புவான்.

பிளாக்ஃபுட் ஆறு ராக்கி மலைத்தொடரின் நீர்ப்பிரி மேட்டில், ரோஜர்ஸ் கணவாய்க்கு அருகே தோன்றி, மேற்கு நோக்கி 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடி, மிஸூலாவுக்கு அருகில் கிளார்க் ஃபோர்க் ஆற்றில் கலக்கிறது. நம் பெரும்பொழுதுகள் ஆறும் அங்கே பொருந்தா. கார் என்று ஒன்று இல்லை. மழைக்குப் பதிலாகப் பனி. மலை அதைக் குளிர்காலம் முழுவதும் தேக்கிவைத்து, வேனிலில் ஒரேயடியாக அவிழ்த்துவிடுகிறது. ஆற்றின் ஆண்டுக்கணக்கே அந்த ஓர் அவிழ்ப்பைச் சுற்றித்தான்.

குளிர்காலத்தில் கரையோரம் பனிக்கட்டி விளிம்பு கட்டும். டிரவுட் தன் உடல்வெப்பத்தை நீரோடு சேர்த்துத் தாழ்த்திக்கொள்ளும் உயிர். ஆதலால் ஆழ்ந்த மெதுவான மடுக்களில் அசையாமல் கிடக்கும். அப்போதும் நண்பகலில் கொசுவினும் சிறிய மிட்ஜ் பூச்சிகள் நீரிலிருந்து எழும். அவற்றைப் போன்ற போலியைக் கட்டுவதற்குக் கடுகளவு முள் வேண்டும். மார்ச் இறுதியில் ஸ்குவாலா என்னும் ஆலிவ் நிற ஸ்டோன்ஃப்ளை கரைக் கற்களில் ஊர்ந்தேறும். பல மாதப் பட்டினிக்குப் பிறகு மீன் மேற்பரப்பைப் பார்க்கும் முதல் தருணம் அது. மேகம் கவிந்த நாட்களில் பேட்டிஸ் என்னும் சிறு மேஃப்ளைகள் சாம்பல் நிறச் சிறகைப் பாய்மரம்போல் நிமிர்த்திக்கொண்டு மிதந்து வரும்.

மேஃப்ளையைப் பற்றி ஒரு சொல். அது தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நீருக்கடியில் கல்லைப் பற்றிக்கொண்டு புழுவாகக் கழிக்கிறது. பிறகு மேலெழுந்து, தோலுரித்து, சிறகு பெறுகிறது. சிறகு பெற்ற பின்னும் மறுபடி ஒருமுறை தோலுரிக்கிறது. இப்படிச் சிறகு முளைத்த பிறகு தோலுரிக்கும் பூச்சியினம் இன்று வேறொன்று இல்லை. முழு வளர்ச்சி அடைந்ததற்கு உண்ணும் வாய் இல்லை. இணைந்து, முட்டையிட்டு, ஓரிரு நாளில் சிறகு பரப்பி நீர்மேல் வீழ்கிறது. தூண்டிற்காரன் இவ்வொவ்வொரு நிலைக்கும் தனித்தனிப் போலி வைத்திருக்கிறான். யாக்கை நிலையாமை பாடிய நம் புலவர்கள் இதைக் கண்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

மே நடுவில் பனி உருகத் தொடங்கும். ஆறு காப்பி நிறத்தில் கரைபுரளும். மரங்கள் வேரோடு வரும். ஏறத்தாழ ஒரு மாதம் எவனும் ஆற்றில் இறங்க முடியாது. தூண்டிற்காரர்கள் இதைச் சபிப்பதுண்டு. ஆனால் அந்த வெள்ளமே சரளைக் கற்களைக் கழுவுகிறது. கற்களுக்கிடையே அடைந்த வண்டலை அகற்றுகிறது. அங்கேதான் பூச்சிகளும் மீன் முட்டைகளும் மூச்சு வாங்கியாக வேண்டும். உள்நாட்டு டிரவுட் இனமான வெஸ்ட்ஸ்லோப் கட்த்ரோட் இந்தப் பெருக்கையொட்டியே கிளையோடைகளில் ஏறி முட்டையிடுகிறது.

ஜூனில் வெள்ளம் வடியும் வேளையில் சால்மன்ஃப்ளை வருகிறது. ஐந்து சென்டிமீட்டர் நீளம், ஆரஞ்சு வயிறு. மூன்று நான்கு ஆண்டுகள் ஆற்றடியில் வாழ்ந்த புழு, நீரின் வெப்பம் 10 முதல் 13 டிகிரி செல்சியஸை எட்டும் நாளில் கரையேறி, வில்லோ புதரில் தோலைக் கழற்றிவிட்டுப் பறக்கிறது. இது கீழாற்றில் தொடங்கி, நீர் சூடேறச் சூடேற, நாளொன்றுக்குச் சில மைல்களாக மேலாற்றை நோக்கி நகரும். தூண்டிற்காரர்களும் அதைத் தொடர்ந்து மேலேறுவார்கள். பெரிய மீன்கள் கூச்சத்தை மறந்து கரையோரம் வரும் வாரம் அதுதான். ஜூலையில் காடிஸ், பல நிற மேஃப்ளைகள். ஆகஸ்டில் ஆறு ஒடுங்கித் தெளிந்துவிடும். அப்போது வைக்கோல் வயல்களிலிருந்து வெட்டுக்கிளிகள் காற்றில் தவறி நீரில் விழும். செப்டம்பர் குளிர்ந்ததும் மறுபடி பேட்டிஸ், கூடவே ஆரஞ்சு நிற அக்டோபர் காடிஸ். புல் டிரவுட் என்னும் உள்நாட்டுப் பெருமீன் மான்ட்யூர் போன்ற குளிர்ந்த ஓடைகளுக்கு ஏறிச் சென்று முட்டையிடும். அதற்குப் பின் பிரவுன் டிரவுட்டின் முறை. பெண்மீன் வாலால் சரளையை அடித்துக் குழி பறித்த இடம் ஆற்றடியில் வெளிறிய நீள்வட்டமாகத் தெரியும். அதன்மேல் கால் வைப்பவன் ஒரு தலைமுறையை மிதிக்கிறான்.

மக்லீனின் கதையில் இறுதி மீன்பிடிப்பு நாளில் பால், மீன்கள் தின்பது பறக்கும் பூச்சியை அன்று, முழுகிச் செத்து நிழலடியில் மிதந்துவரும் மஞ்சள் ஸ்டோன்ஃப்ளையை என்று கண்டுபிடிக்கிறான். கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தெரியாததை ஊகிப்பது. அண்ணன் அந்த ஊகத்தை வியக்கிறான். இப்பகுதியைப் பலர் 'மெய்ஞ்ஞான' வாசிப்பாக விளக்கியிருக்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் அங்கே நடப்பது முதலில் ஒரு பூச்சியியல் முடிவு. முழுகிய பூச்சி இல்லையேல் ஞானமும் இல்லை.

இனி, நூலில் இல்லாதவற்றுக்கு வருவோம்.

நூல் வெளியாவதற்கு முந்தைய ஆண்டு, 1975 ஜூனில், பிளாக்ஃபுட்டின் தலைப்பகுதியில் மைக் ஹார்ஸ் என்ற சுரங்கத்தின் கழிவைத் தேக்கிய அணை உடைந்து, உலோக நச்சு கலந்த சேறு ஆற்றில் இறங்கியது. ஆற்றின் கழிமுனையில் வேறொரு கொடுமை. 1908இல் எழுந்த மில்டவுன் அணைக்குப் பின்னால், பியூட், அனகொண்டா ஊர்களின் செப்புச் சுரங்கக் கழிவு பல்லாண்டுகளாகப் படிந்துகொண்டிருந்தது. 1981இல் அவ்வூர்க் கிணறுகளில் ஆர்சனிக் கண்டறியப்பட்டது. நடுவில் வெட்டுமரத் தொழிலும் கால்நடை மேய்ச்சலும் ஓடைகளைச் சூறையாடின. 1992இல் ராபர்ட் ரெட்ஃபோர்ட் இக்கதையைத் திரைப்படமாக்கினார். ஒளிப்பதிவுக்கு ஆஸ்கார் கிடைத்தது. அந்த ஒளியில் மின்னிய ஆறு பிளாக்ஃபுட் அன்று. மீன்பிடிக் காட்சிகளைக் காலட்டின், யெல்லோஸ்டோன், போல்டர் ஆறுகளில் எடுத்தார்கள். கதையின் ஆறு தன் வேடத்தில் தானே நடிக்கும் நிலையில் இல்லை. இலக்கியம் ஒரு நிலத்தை அமரமாக்கிவிடுகிறது என்று மேடைகளில் பேசுகிறோமே, அப்படிப் பேசும்போது இந்தச் செய்தியையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பிறகு ஆறு மீண்டது. 1980களின் பிற்பகுதியிலிருந்து மீன்பிடிப்போர் சங்கமும், 1993இல் அமைந்த 'பிளாக்ஃபுட் சேலஞ்ச்' என்ற உள்ளூர்க் கூட்டமைப்பும் பண்ணையாரோடும் மரக்கம்பெனியோடும் அரசோடும் உட்கார்ந்து பேசி, ஓடை ஓடையாகச் சீர்செய்தன. 1990 வாக்கில் உள்நாட்டு இனங்களைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்ற விதி வந்தது. 2008 மார்ச்சில் மில்டவுன் அணை உடைக்கப்பட்டு, நூறாண்டுக்குப் பின் இரண்டு ஆறுகளும் தடையின்றிக் கலந்தன. இன்றைய பிளாக்ஃபுட் கன்னி நிலத்தின் கன்னி ஆறு என்று நினைப்பவர் ஏமாறுகிறார். சட்டமும் உழைப்பும் பேச்சுவார்த்தையும் சேர்ந்து உண்டாக்கிய ஆறு அது.

மீன்களும் அப்படியே. அங்கே பிடிபடும் டிரவுட்டில் பெரும்பகுதி வந்தேறி. பிரவுன் டிரவுட் 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலேறி நியூயார்க் வந்து, 1880களின் இறுதியில் மொன்டானாவை அடைந்தது. ரெயின்போ டிரவுட் பசிபிக் கரை ஆறுகளின் பிள்ளை. மண்ணின் மைந்தர்கள் கட்த்ரோட்டும் புல் டிரவுட்டும். தாடைக்கடியில் வெட்டுக்காயம்போல் செந்நிறக் கோடு இருப்பதால் கட்த்ரோட் என்று பெயர். (தமிழில் 'கழுத்தறுப்பு' என்று பெயர்த்தால் பொருளே மாறிவிடும் என்பதால் விட்டுவிட்டோம்.) 1805இல் லூயிஸ்–கிளார்க் பயணக்குழு மிசூரி ஆற்றின் பேரருவி அருகே இம்மீனைப் பிடித்துப் பதிவுசெய்தது. அதன் அறிவியல் பெயரில் அவ்விருவர் பெயரும் ஒட்டியிருக்கின்றன. ரெயின்போவும் கட்த்ரோட்டும் கலந்து கலப்பினம் பெருகுகிறது. அண்டைப் படுகையான ஃபிளாட்ஹெட்டில், நீர் சூடாகச் சூடாக இக்கலப்பு மேலோடைகளுக்கும் பரவுவதை ஆய்வாளர் காட்டியிருக்கின்றனர். புல் டிரவுட் 1990களின் இறுதியிலிருந்து அழிவுக்கு அஞ்சத்தக்க இனமாகக் கூட்டரசின் பட்டியலில் உள்ளது.

இங்கே ஒருவர் கேட்கலாம்: மீன் குறைந்தால் பண்ணையில் வளர்த்துக் கொண்டுபோய் விட்டால் ஆயிற்றே? மொன்டானாவும் பல்லாண்டுகள் அதையே செய்தது. 1960களின் இறுதியில் டிக் வின்சென்ட் என்ற மீனியலாளர் மேடிசன் ஆற்றில் எண்ணிப் பார்த்தார். பண்ணை மீனை விட்ட இடத்தில் காட்டு மீன் குறைந்தது. விடுவதை நிறுத்திய இடத்தில் காட்டு மீன் பெருகியது. ஊர் முழுக்க எதிர்ப்பு. பண்ணை மீன் விடுவது எவருக்கும் நற்செயலாகவே தெரிந்தது. ஆனாலும் 1974இல் அந்த மாநிலம் காட்டு டிரவுட் வாழும் ஆறுகளில் மீன் விடுவதை நிறுத்தியது. அதே மேடிசனில் 1994இல் சுழல்நோய் எனப்படும் ஒட்டுண்ணி நோய் கண்டறியப்பட்டு, ரெயின்போக்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது அழிந்திருந்தது தெரியவந்தபோது, அதைக் கண்டு சொன்னவரும் இந்த வின்சென்ட்தான். எண்ணிக்கொண்டிருந்ததால் அவருக்குத் தெரிந்தது. நமக்கு வியப்பூட்டுவது இந்தப் பொறுமை. கவிஞர்களிடம் நாம் போற்றும் உற்றுநோக்கல் இதனினும் வேறானதென்று நாம் நினைக்கவில்லை.

இனி நம் கருத்தை நேரடியாகச் சொல்லிவிடலாம்.

பிடித்த மீனை உயிரோடு விட்டுவிடுவதே இன்றைய பூச்சித் தூண்டிற்காரரின் அறம். லீ வுல்ஃப் என்பவர் 1930களின் இறுதியில் இதை எழுதி முன்வைத்தார். நல்ல மீனை ஒருமுறை மட்டுமே பிடிப்பது வீண் என்பது அவர் வாதம். இதனால் ஆறுகள் தப்பின என்பதை மறுக்க முடியாது. ஆனால் இது குற்றமற்ற அறம் என்ற பெருமிதம் நமக்கு ஒப்புதலாக இல்லை. உண்பதற்காகக் கொல்பவனுக்காவது ஒரு காரணம் உண்டு. விளையாட்டுக்காகப் பதற வைத்து விட்டுவிடுபவன் கருணையாளன் என்று தன்னைச் சொல்லிக்கொள்வது எப்படி? சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டின் விலங்குநல விதிகளில், விட்டுவிடும் நோக்கத்தோடே மீன் பிடிப்பதைத் தடைசெய்துவிட்டது. மொன்டானாவில் கட்டாயமான செயல் ஆல்ப்ஸ் மலையில் குற்றம். இரண்டு பக்கமும் மீனின் நன்மையைத்தான் பேசுகின்றன.

சாலிஷ், பெண்ட் டி'ஓரே, கூட்டனை இனத்தவருக்கு இந்த விவாதமே விந்தையாகத் தோன்றக்கூடும். அவர்களுக்குப் புல் டிரவுட் குளிர்காலத்தில் கைகொடுத்த உணவு. 1855இல் ஹெல்கேட் உடன்படிக்கையில் பெருநிலத்தை விட்டுக்கொடுத்தபோதும், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். மக்லீனின் கதையில் பழங்குடிப் பெண்ணொருத்தி வருகிறாள். பாலின் காதலி. ஆனால் அவள் மதுக்கடையிலும் சிறையிலும்தான் தென்படுகிறாள். ஆற்றங்கரையில் பழங்குடிகள் எவரும் தூண்டிலோ வலையோ பிடிப்பதில்லை. மக்லீனிடம் நாம் காணும் பெரிய குறை இது. போதகர் குடும்பத்தின் ஆறாகவே கடைசிவரை ஓடுகிறது.

இருந்தாலும் சுவிஸ் வழியை மொன்டானாவுக்கு நாம் பரிந்துரைக்கவில்லை. அங்கே ஆற்றைக் காக்கப் பணமும் குரலும் தந்தவர்கள் பெரும்பாலும் தூண்டிற்காரர்களே. உரிமச் சீட்டுப் பணத்தில்தான் மீன் எண்ணும் வேலையே பெருமளவு நடக்கிறது. மொன்டானாவில் ஆறு பொதுச்சொத்து. 1984இன் நீதிமன்றத் தீர்ப்புகளும் 1985இன் சட்டமும், வழக்கமான வெள்ளக்குறி வரை எவரும் ஆற்றில் நடக்கலாம் என்று உறுதிசெய்தன. கரை நிலம் கோடீசுவரருடையதாக இருந்தாலும் சரி. அந்த உரிமையைப் பயன்படுத்துபவர் இல்லையென்றால் அதைக் காப்பவரும் இல்லாமற்போவர்.

நாம் வலியுறுத்துவது வேறொன்று. சிறுபொழுது.

மொன்டானாவில் 'ஹூட் அவுல்' என்றொரு விதி உண்டு. ஆந்தை விதி என்று சொல்லிக்கொள்ளலாம். வறண்ட கோடையில் காட்டுத்தீக்கு அஞ்சி, மரம் வெட்டுவோர் ஆந்தை அலறும் பின்னிரவிலேயே வேலையைத் தொடங்கி நண்பகலுக்குள் முடிப்பார்களாம். அந்தச் சொல் மீனுக்கும் வந்துவிட்டது. ஆற்றின் உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அதாவது ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸ், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிப்பு நிறுத்தப்படும். வெந்நீரில் உயிர்வளி குறைவு. போராடிக் களைத்த டிரவுட்டுக்கு அதை ஈடுசெய்ய முடியாது. நீந்திப் போவதுபோல் தோன்றி, கண் மறைவில் சாகும். கையில் எடுத்துப் படம்பிடிக்கும் அரை நிமிடமும் இந்தக் கணக்கில் சேரும். பிற்பகல் 2 என்பது நம் இலக்கண உரைகளில் பலர் எற்பாடு தொடங்குவதாகக் கொள்ளும் நேரம். (எற்பாடு எது என்பதில் உரையாசிரியர்களிடையே வேறுபாடு உண்டு. அந்த வம்பு இங்கே வேண்டாம்.)

கோடையில் இந்த அறிவிப்புகள் இப்போது வழக்கமாகிவிட்டன. பனி மெலிகிறது, முன்னதாகவே உருகுகிறது, ஆகஸ்ட் ஆறு ஒடுங்கிச் சூடாகிறது. 2017இல் பிளாக்ஃபுட் படுகையிலேயே சீலி ஏரியருகே பெருந்தீ எரிந்து, வாரக்கணக்கில் புகை பள்ளத்தாக்கை மூடியது. 2023இல் தென்மேற்கு மொன்டானாவின் பிக் ஹோல், பீவர்ஹெட், ரூபி ஆறுகளில் டிரவுட் எண்ணிக்கை வரலாறு காணாத அளவு சரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், மாநில அரசியலமைப்பு 1972 முதல் உறுதியளிக்கும் தூய சுற்றுச்சூழல் உரிமை காலநிலையையும் உள்ளடக்கும் என்று இளைஞர்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது. 2024 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது.

இந்நிலையில் தடை அறிவிப்பு வரும்வரை பிடித்துக்கொண்டிருப்போம் என்பது தூண்டிற்கலையின் அடிப்படைக்கே முரணானது என்று கருதுகிறோம். நீரின் வெப்பத்தைக் கொண்டு சால்மன்ஃப்ளை எந்த வளைவில் எந்த நாளில் எழும் என்று கணிக்கத் தெரிந்தவனுக்கு, அதே வெப்பமானியைக் கொண்டு எப்போது கோலை மடக்க வேண்டும் என்பதும் தெரியும். தெரியாதென்று அவன் சொல்ல முடியாது. சட்டம் மூன்று நாள் காத்திருக்கிறது. அறிந்தவன் முதல் நாள் பிற்பகலிலேயே கரையேற வேண்டும். வழிகாட்டிகளின் பிழைப்பு இதில் அடிபடும் என்பது உண்மையான மறுப்பு. கோடையின் ஒருசில மாதங்களிலேயே ஆண்டு வருமானத்தைத் தேட வேண்டியவர்கள் அவர்கள். விடியலில் தொடங்கி நண்பகலில் முடிக்கும் முறைக்கு ஏற்கெனவே பலர் மாறியிருக்கிறார்கள். வெட்டுக்கிளி நண்பகலுக்குப் பிறகுதான் விழும், அதுவன்றோ ஆகஸ்டின் இன்பம் என்பவர்களுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. இன்பத்தில் ஒரு பகுதி போகத்தான் போகிறது.

நம் நிலத்துக்கும் இதில் ஒரு சிறு தொடர்பு உண்டு. நீலகிரி ஓடைகளில் இருக்கும் டிரவுட்டும் வந்தேறியே. வெள்ளையர் தம் விளையாட்டுக்காகப் பலமுறை முயன்று, இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தில் எச்.சி. வில்சன் என்பவர் முயற்சியில் நிலைபெறச் செய்தார்கள். அவலாஞ்சியில் 1907இல் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. சோலைக் காடுகள் ஊறவிடும் குளிர்நீர் இருக்கும்வரைதான் அதற்கும் இடம். அதை வைத்து உதகை மலரும் நினைவுகள் எழுதுவோர் அந்த ஓடையில் முன்பிருந்த சிறுமீன்களின் பெயரையும் ஒருமுறை விசாரிக்கலாம்.

மக்லீனைப் படித்தவர்கள் அடுத்துப் படிக்க வேண்டியவர் ரோடரிக் ஹேக்-பிரவுன் (1908–1976). இங்கிலாந்தில் பிறந்து, கனடாவின் வான்கூவர் தீவில் கேம்பெல் ஆற்றங்கரையில் குடியேறி, அவ்வூர் நடுவராகப் பணியாற்றியவர். 1951 முதல் 1964 வரை பருவத்துக்கொன்றாக நான்கு நூல்கள் எழுதினார். மக்லீனின் செறிவு அவரிடம் இல்லை. துயரக் கதையும் இல்லை. ஆறு இருக்கிறது, நான்கு பொழுதுகளிலும். அணைகளை எதிர்த்து வாதாடித் தோற்றதும் உண்டு. இலையுதிர்காலத்துக்குரிய கடைசி நூலை எழுதும்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. அந்நூலில் அவர் ரப்பர் உடையும் மூச்சுக்குழலும் அணிந்து, தாம் ஆண்டுக்கணக்கில் மேலிருந்து தூண்டில் வீசிய அதே ஆற்றுக்குள் முகம் கவிழ்த்து மிதக்கிறார். கையில் கோல் இல்லை. மீன்கள் உண்மையில் எங்கே நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டு ஓட்டத்தோடு போகிறார்.